மாது போட்ட கிளி

கிளிக்கு இன்னும் ஒரு கண் பாக்கி இருந்தது. கறுப்புக் கம்பளி நூலை ஊசியில் கோத்து, மூக்குக்கு மேலே சரியான ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது திம்மராயனின் காதில் வண்டி மாட்டின் சலங்கைச் சத்தம் விழுந்தது.

"ஏங்க! வந்துட்டாங்க!" என்று சரோஜம்மாள் கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"யாரு?"

"யாரா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க! மத்தியானம் ராகுகாலம் வந்துடும்னு ராஜப்பன் காலையிலயே கூட்டிக்கினு வந்துட்டான். கையில இருக்கறத மறைங்க முதல்ல!"

திம்மராயன் கிளியோடு எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள், பெண்ணின் தகப்பன் கூடத்து நடுவில் சம்மணம் போட்டுக் கம்பளியில் கிளி பின்னுவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ஐந்து ஏக்கர் கேழ்வரகுக் காடும் நாலு எருமையும் வைத்திருக்கிற சம்சாரி செய்கிற காரியமா இது?

ஆனால் செய்துகொண்டுதான் இருந்தார். யுத்த காலத்தில் பட்டாளத்து லாரியில் மூட்டை ஏற்றப் போனவர் அவர். மூட்டைகளோடு சேர்ந்து தாமும் உருண்டு விழுந்து, கால் எலும்பு முறிந்து, பெங்களூர் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். காலைத் தூக்கிக் கட்டிவிட்டால் மனிதன் என்னதான் செய்வான்? பக்கத்துக் கட்டில்காரனோடு சண்டை போடுவான். அதைத் தடுக்க அங்கிருந்த நர்ஸம்மா ஆளுக்கொரு ஊசியும், சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் கான்வாஸ் துணியும், கலர் கலராகக் கம்பளி நூலும் கொடுத்துவிட்டாள். மற்றவர்கள் கால் சரியானதும் ஊசியைப் போட்டுவிட்டு ஊருக்குப் போனார்கள். திம்மராயன் ஊசியோடு ஊருக்கு வந்தார்.

அதன் பிறகு அந்தப் பித்து அவரை விடவேயில்லை. மாட்டுச் சந்தைக்கு என்று சொல்லிப் பெங்களூர் போவார். மாடு இல்லாமல், மடி நிறைய நூலோடு திரும்புவார். ஓட்டை ஓட்டையாக நூலை நிரப்பிக் கிளி ஆனதும், அதை ஓரம் விட்டு வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, பின்னால் சிவப்புத் துணி வைத்துத் தைத்து, இலவம்பஞ்சைத் திணித்து, சுற்றிலும் முறுக்குக் கயிறு பிடித்து, கீழே ஒரு குஞ்சம் கட்டித் தொங்கவிடுவார். அந்தக் குஞ்சம் காற்றில் ஆடுவதைப் பார்க்கும்போது அவருக்கு உண்டாகிற சந்தோஷம் கேழ்வரகு அமோகமாக விளைந்தபோதுகூட உண்டானதில்லை. கூடம் முழுக்கக் கிளியும் அன்னமும் மயிலும் நட்சத்திரமும் தொங்கின. அக்கம்பக்கத்தார் கேட்டால், "பெங்களூர்க் கடையில வாங்கினது" என்று சொல்லிவிடுவார். ஏர் பிடிக்கிற கையில் ஊசியா என்று ஊர் சிரித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

சலங்கைச் சத்தம் வாசலில் வந்து நின்றது. அந்தச் சமயம் பார்த்துப் பின்கட்டு வழியாக அவர் மகள் மாதம்மாள் உள்ளே வந்தாள். பட்டுப்புடவை கட்டித்தான் இருந்தாள். ஆனால் புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு எருமைக்குத் தவிடு கலக்கிவிட்டு வந்திருந்தாள்.

சரோஜம்மாள் புருஷன் கையிலிருந்த கிளியைப் பிடுங்கி மகள் கையில் திணித்தாள். "இதப் புடி!"

"எதுக்கும்மா?"

"சும்மா புடிடி! புடவையக் கீழ இறக்கு!"

மாது ஊசியை அரிவாள் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நிற்க, மாப்பிள்ளையின் தாயார் சென்னம்மாள் வாசற்படி தாண்டி உள்ளே வந்தாள்.

சென்னம்மாள் குருபரப்பள்ளியில் பெரிய சம்சாரி வீட்டு அம்மாள். புருஷன் போன பிறகு நிலம், மாந்தோப்பு, மாடு, ஆள் எல்லாவற்றையும் தானே கட்டி ஆண்டவள். அவள் பின்னால் இளைய மகன் முனிவேல், அவன் பின்னால் தரகர் ராஜப்பன். ராஜப்பன் பெண் வீட்டில் தமிழிலும், மாப்பிள்ளை வீட்டில் தெலுங்கிலும், ஓசூர்ச் சந்தையில் கன்னடத்திலும் பொய் சொல்லக்கூடிய கெட்டிக்காரர். வண்டிக்காரர் ஆஞ்சப்பன் மட்டும் வெளியே புளிய மரத்தடியில் மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

சென்னம்மாள் உட்காரவில்லை. நின்றபடியே சுவரைப் பார்த்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள். விட்டத்தைப் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் குஞ்சம்.

"இதெல்லாம் யாரு போட்டது?"

கடையில் வாங்கினது என்று திம்மராயன் வாயைத் திறப்பதற்குள் சரோஜம்மாள் முந்திக்கொண்டாள். "எல்லாம் எங்க மாதுதானுங்க அக்கா. பாருங்க, இப்பக்கூடக் கிளிக்குக் கண்ணு வெச்சுக்கினு இருக்கா."

"எல்லாமேவா?"

"ஒண்ணு விடாம!"

"இத்தனைக்கும் நேரம் வேணாமா?"

"அவளுக்கு வேற என்ன வேலைங்க? விடிஞ்சா உக்காருவா, பொழுது சாய எழுந்திருப்பா. வெளி வேலைக்கெல்லாம் பொண்ண நாங்க விடறதே இல்ல. சாணி வாசனையே ஆகாது அவளுக்கு."

அந்த வாசனையோடு நின்றிருந்த மாது அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சென்னம்மாள் அவளருகில் வந்து, "கையக் காட்டு பாப்பா" என்றாள்.

மாதுவின் உள்ளங்கை அரிவாளும் ஏற்றக் கயிறும் பிடித்துக் காய்ச்சுப் போன கை. சென்னம்மாள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு விநாடி அவள் முகம் மாறியது.

"காய்ப்பு இருக்குதே?"

"ஊசி புடிச்சுப் புடிச்சுத்தானுங்க!" என்றாள் சரோஜம்மாள்.

சென்னம்மாள் கையை விட்டுவிட்டாள். காப்பி குடித்தாள். பலகாரத்தில் பாதியை வைத்துவிட்டாள். "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தாள். முனிவேல் மட்டும் வாசல்வரை போய், செருப்பு மாட்டுகிற சாக்கில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

வண்டி போனதும், "உனக்குப் புடிச்சிருக்குதாம்மா?" என்று திம்மராயன் மகளிடம் கேட்டார்.

மாது தரையைப் பார்த்தபடி, "வண்டிய விட்டு இறங்கினதும் வீட்டுக்குள்ள வராம, மாட்டுக் கழுத்தத் தடவிக் குடுத்துட்டு அப்பறம்தான் வந்தாருப்பா" என்றாள். அவளிடமிருந்து இதைவிடப் பெரிய சம்மதம் வராது என்று திம்மராயனுக்குத் தெரியும். இந்த இடம் எப்படியாவது முடிய வேண்டுமே என்று அவர் மனசு அப்போதே தவிக்க ஆரம்பித்துவிட்டது.

சில நாள் கழித்து ராஜப்பன் வந்தார். முகத்தில் சுரத்து இல்லை.

"பையனுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஜாதகமும் பொருந்துது. அந்தம்மாதான் இழுக்கறாங்க."

"ஏன்?"

"அந்தக் கிளி விசயம்தான். 'நெசமாவே அந்தப் பொண்ணுதான் போடுதா? நல்லா விசாரிச்சியா?'ன்னு என்னைத் திருப்பித் திருப்பிக் கேக்கறாங்க. நான் சத்தியம் பண்ணிட்டேன். பண்ணினதும் மூஞ்சி இன்னும் சின்னதாப் போச்சு."

"நம்பலையா?"

"எப்பிடி நம்புவாங்க? நான் சத்தியம் பண்ணினா யாருதான் நம்பறாங்க?"

நியாயமான பேச்சு. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு என்று சரோஜம்மாள் சொன்னாள். "அவங்க வீட்டு வாசக்காலுக்குன்னே ஒரு தோரணம் போட்டு அனுப்பலாம். பொண்ணு கையால போட்டதுன்னு ராஜப்பன் கொண்டு போய்க் குடுக்கட்டும். அந்த வாசக்கால் அளவுக்குக் கடையில கிடைக்காதில்ல?"

திம்மராயனுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? மறுநாளே ஊசியும் நூலும் துண்டில் முடிந்துகொண்டு சோளக்கொல்லைப் பரணுக்கு ஏறிவிட்டார். பரண் என்பது கொல்லைக் காவலுக்குக் கட்டினது. சானமாவு காட்டிலிருந்து யானை இறங்கினால் தகரம் தட்டவும், பகலில் கிளி வந்தால் கவண் வீசவும் அதில் ஆள் உட்கார வேண்டும். அவர் உட்கார்ந்தார். கூட்டம் கூட்டமாக அசல் கிளிகள் வந்து அவர் கண்ணெதிரே சோளத்தைத் தின்றன. அவர் கம்பளிக் கிளிக்கு மூக்கு வளைத்துக்கொண்டிருந்தார். நடுநடுவே நிமிர்ந்து பார்க்கவும் செய்தார். இறக்கையில் மஞ்சள் எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ள.

தோரணம் பிரமாதமாக அமைந்துவிட்டது. நடுவில் தாமரை, இரண்டு பக்கமும் கிளிகள், ஓரங்களில் அன்னம், வரிசையாகக் குஞ்சங்கள். சோளம் அந்த வருஷம் அமையவில்லை.

தோரணத்தோடு குருபரப்பள்ளிக்குப் போன ராஜப்பன் போன வேகத்திலேயே திரும்பினார்.

"கெட்டுது காரியம் அண்ணா."

"ஏன், புடிக்கலையா?"

"பிரிச்சுப் பாத்தாங்க. அப்பிடியே நெத்தியில கைய வெச்சுக்கினு உக்காந்துட்டாங்க. 'இதையும் அந்தப் பொண்ணா? இத்தனை சீக்கிரமா?'ன்னாங்க. 'ஆமாங்க, சோறு தண்ணி இல்லாம உக்காந்து போட்டுது'ன்னேன். எழுந்து உள்ள போயிட்டாங்க. காப்பிகூடக் குடுக்கல."

"ஐயோ! பெங்களூர்க் கடையில வாங்கினதுன்னு முடிவே பண்ணிட்டாங்க போல" என்றாள் சரோஜம்மாள்.

"அதேதான். பையன் வேற, இந்தப் பொண்ணு இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்னு சோத்தத் தள்ளிட்டு மாந்தோப்புல போய் உக்காந்திருக்கான். 'வர வெள்ளிக்கிழமை நேர்ல வரேன். அந்தப் பொண்ணு உக்காந்து போடறத எங் கண்ணால பாக்கணும். பாத்துட்டு ஒரே முடிவாச் சொல்லிடறேன்'னு சொல்லி அனுப்பிட்டாங்க."

அன்றைக்கே மாதுவுக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. திம்மராயன் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் மாதுவின் கைக்கு ஊசி ரொம்பச் சின்ன ஆயுதம். முதல் ஊசி உடைந்தது. இரண்டாவது ஊசி எங்கே போனதென்று தெரியாமல் வீட்டார் எல்லோரும் ஜாக்கிரதையாக நடந்தார்கள். நூல் ஒரு பக்கம் சிக்கு, மறுபக்கம் முடிச்சு. வெகு பாடுபட்டு அவள் போட்ட கிளியைச் சரோஜம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கத்திரிக்கா நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

மாதுவின் கண் கலங்கிவிட்டது. "அப்பா, நாலு எருமையையும் ஒண்டியாக் கறக்கச் சொல்லுங்க. ஏற்றம் இறைக்கச் சொல்லுங்க. இதுமட்டும் எனக்கு வரமாட்டேங்குது. அவங்க வந்து பாத்துட்டுச் சிரிச்சுட்டுப் போவாங்க."

திம்மராயன், தம் சந்தோஷத்துக்குத் தொங்கவிட்ட பொம்மைகள் மகள் கழுத்தில் தாலி ஏறாமல் தடுக்கின்றனவே என்று நினைத்தார். அவள் கையிலிருந்த ஊசியை வாங்கி, கத்திரிக்காயைக் கிளியாக்கும் முயற்சியில் தம்மையறியாமல் மளமளவென்று இறங்கிவிட்டார்.

வாசலில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. ராஜப்பன் கைக்குடையை நழுவவிட்டு, திறந்த வாயோடு நின்றிருந்தார்.

"அண்ணா! நீங்களா?"

மறைத்துப் பிரயோசனமில்லை. விஷயம் தெரிந்ததும் ராஜப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு தூணை விட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் அவருக்குத் தம்முடைய நிலைமை உறைத்தது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நம்பிக்கையோடு பண்ணின சத்தியம். அதுவும் பொய்யாகிவிட்டது.

"கவலப்படாதீங்க. பாவைக்கூத்து பாத்திருக்கீங்க இல்ல? முன்னால பாக்கறவனுக்குப் பொம்மைதான் தெரியும். ஆட்டறவன் திரைக்குப் பின்னால உக்காந்திருப்பான்" என்றார் ராஜப்பன்.

வெள்ளிக்கிழமை காலை, உள்ளறை வாசலில் திம்மராயன் ஒரு பெரிய மரச்சட்டத்தை நிறுத்தி, அதில் கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டினார். சட்டத்தைச் சுற்றி இடுக்கு தெரியாமல் சரோஜம்மாளின் பழைய புடவை. திரைக்குப் பின்னால், உள்ளறை இருட்டில் அவர். முன்னால் மாது. ஏற்பாடு சுலபமானது. துடைப்பத்தில் உருவின ஒரு ஈர்க்குச்சியை அவர் பின்னாலிருந்து எந்த ஓட்டையில் நீட்டுகிறாரோ, அந்த ஓட்டையில் மாது ஊசியைக் குத்த வேண்டும். ஊசி உள்ளே வந்ததும் அவர் வாங்கி, சரியான இடம் பார்த்துத் திருப்பி அனுப்புவார். மாது நூலை இழுத்தால் போதும். ஈர்க்குச்சி வெளியே தெரிகிறபோது அவள் உடம்பால் மறைத்துக்கொள்ள வேண்டும்.

"வீட்டுக்காரர் இல்லீங்களா?" என்று வந்ததும் கேட்டாள் சென்னம்மாள்.

"அவசரமா சிங்காரப்பேட்டைக்குப் போயிருக்காருங்க அக்கா" என்றாள் சரோஜம்மாள். திரைக்குப் பின்னாலிருந்த சிங்காரப்பேட்டைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

சென்னம்மாள் சட்டத்துக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்தாள். முனிவேல் காற்றுக்காக என்று வாசல் பக்கம் போய்விட்டான். ராஜப்பன் தெரிந்த தெய்வங்களையெல்லாம் மூன்று மொழியிலும் வேண்டிக்கொண்டார்.

மாது ஆரம்பித்தாள். ஈர்க்குச்சி எட்டிப் பார்த்தது, ஊசி போயிற்று, ஊசி வந்தது, நூல் இழுபட்டது. தாமரை இதழ் ஒன்று மெல்ல மெல்ல மலர்ந்தது. சென்னம்மாள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதழ் பெரிதாகப் பெரிதாக அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது.

"வேகமாத்தான் போடறே" என்றாள்.

"ஆமாங்க அத்தை" என்றாள் மாது.

"எழுந்திருக்கவே தோணாதா?"

"இன்னிக்கெல்லாம் உக்காரச் சொன்னாலும் உக்காருவாங்க!" என்றார் ராஜப்பன்.

சென்னம்மாள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

அந்த நேரத்தில்தான் கொட்டகைப் பக்கம் எருமை கத்தியது. வாசலிலிருந்து முனிவேல் சத்தம் போட்டான். "கன்னு அவுந்துக்கிச்சு! அவுந்துக்கிச்சுங்க!"

எருமைக்கன்று கட்டு அவிழ்த்துக்கொண்டு ஓடினால் மாதுவின் கால் அவளைக் கேட்காது. நூலை அப்படியே விட்டாள். புடவையை முழங்காலுக்குச் செருகினாள். சென்னம்மாளைத் தாண்டி, படியைத் தாண்டி, வாசல் சேற்றில் பொத்தென்று குதித்து ஓடினாள். கன்று கேழ்வரகுப் போரைச் சுற்றியது. முனிவேல் ஒரு பக்கமாக மறித்தான். மாது மறுபக்கமாகப் பாய்ந்து, கழுத்தோடு சேர்த்துக் கட்டிப் பிடித்து, "எங்கடா போறே, திருட்டுப்பயலே!" என்று அதன் காதைத் திருகினாள்.

சென்னம்மாள் கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தாள். அவள் உதட்டில் முதன்முதலாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. பிறகு திரும்பிச் சட்டத்தைப் பார்த்தாள்.

சட்டத்தின் முன்னால் ஆளே இல்லை. ஆனாலும், வாசலில் கேட்ட சத்தம் எதுவும் காதில் விழாதது போல, தாமரையின் நடுவிலிருந்து ஊசி தானாக வெளியே வந்தது. வந்து காத்திருந்தது. யாரும் இழுக்கவில்லை என்றதும் பக்கத்து ஓட்டையில் ஓர் ஈர்க்குச்சி நீண்டது. அது இரண்டு தரம் ஆடியது. பிறகு கோபமாக ஆடியது.

"என்னம்மா, தூங்கிட்டியா? மேல குத்து!" என்று தாமரை கிசுகிசுத்தது.

சரோஜம்மாள் சுவரோடு சாய்ந்துவிட்டாள். ராஜப்பன் கைக்குடையை எடுத்துக்கொண்டு வெளியே போகத் தயாரானார். சென்னம்மாள் எழுந்து போய் ஈர்க்குச்சியைப் பிடித்து இழுத்தாள். உள்ளேயிருந்தும் யாரோ இழுத்தார்கள்.

"விடு மாது! விளையாடற நேரமா இது? அந்தம்மா பாத்துரப் போறாங்க!"

"பாத்துட்டேன்" என்றாள் சென்னம்மாள்.

ஈர்க்குச்சி அசைவற்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரை விலகியது. மீசையெல்லாம் ரோஸ் கலர் பஞ்சு ஒட்ட, கழுத்தில் நூல்கண்டு தொங்க, திம்மராயன் வெளியே வந்தார். சிங்காரப்பேட்டையிலிருந்து இவ்வளவு சீக்கிரம் யாரும் வந்ததில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். "மன்னிச்சுக்கணும். கிளி, தோரணம், எல்லாம் நான் போட்டது. பட்டாளத்து ஆஸ்பத்திரியில கத்துக்கினது. விட முடியல. ஆம்பளை செய்யற வேலையான்னு ஊரு சிரிக்கும்னு பயந்து பொய் சொன்னோம். அப்பறம் அந்தப் பொய்யக் காப்பாத்த இன்னொண்ணு. எம் பொண்ணுக்கு ஊசி புடிக்கவே தெரியாது. ஆனா அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க. என்னை என்ன வேணாலும் சொல்லுங்க, கேட்டுக்கறேன். இந்தக் கிறுக்கனால எம் பொண்ண வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சேறும் வைக்கோலுமாகக் கன்றுக் கயிற்றைப் பிடித்தபடி படியேறி வந்த மாது, அப்பா கைகட்டி நிற்பதைப் பார்த்தாள். கூச்சம், பயம் எல்லாம் அவளுக்குப் போய்விட்டது.

"ஆமாங்க அத்தை, எங்கப்பா போட்டதுதான். எவ்வளவு நல்லாப் போட்டிருக்காரு, பாருங்க! இதுல வெக்கப்பட என்ன இருக்குது? எனக்குத்தான் வராது. எனக்குத் தெரியாத வேலைக்காக எங்கப்பா உங்க முன்னால தலை குனிய வேணாம். புடிக்கலேன்னா நீங்க போலாங்க."

சரோஜம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். வாசற்படியில் முனிவேல் கன்றின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

சென்னம்மாள் மாதுவின் அருகில் வந்தாள். "நெசமாவே உனக்கு ஊசி புடிக்கத் தெரியாதா?"

"தெரியாதுங்க."

"குஞ்சம் கட்டவாவது?"

"அதுவும் தெரியாதுங்க."

"கத்துக்கற ஆசை?"

"சத்தியமா இல்லீங்க."

"அப்ப இந்தக் கையில காய்ப்பு?"

"அரிவாக் காய்ப்புங்க. இது ஏற்றக் கயிறு."

"எத்தனை எருமை கறப்பே?"

"நாலுங்க."

சென்னம்மாள் மாதுவின் சேற்றுக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ராஜப்பா! எங்கய்யா ஓடறே? தட்டுல வெத்தலை பாக்கை எடுத்து வை. இன்னிக்கே தாம்பூலம் மாத்திடலாம். நல்ல நேரம் போறதுக்குள்ள!"

அதற்கப்புறம் நடந்தது எதுவும் திம்மராயனுக்குச் சரியாகப் புரியவில்லை. தாம்பூலம் மாற்றினார்கள். சரோஜம்மாள் அழுதுகொண்டே கேசரி கிளறினாள். தம் வாழ்நாளின் முதல் பொய்ச் சத்தியம் இது என்று ராஜப்பன் சத்தியம் செய்தார். முனிவேல் கன்றைக் கட்டப் போன கொட்டகையிலிருந்து திரும்பி வர மிகவும் நேரமாயிற்று. கயிறு கொண்டுபோன மாதுவும்தான். சென்னம்மாள் இரண்டு தட்டுக் கேசரி சாப்பிட்டாள். கிளிகளை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அதுதான் திம்மராயனை உறுத்தியது. மீசையில் ஒட்டின பஞ்சைப் பிய்த்தபடி புளிய மரத்தடிக்குப் போனார். ஆஞ்சப்பன் மாடுகளை வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஆஞ்சப்பா, எனக்கு ஒண்ணுமே விளங்கல. நல்ல நல்ல பொம்மையாப் பாத்தப்ப எல்லாம் உங்கம்மா மூஞ்சி சுண்டிப் போச்சு. எம் பொண்ணு சேத்துல குதிச்சு ஓடினதப் பாத்துச் சிரிச்சாங்களாம். ஊசி புடிக்கத் தெரியாதுன்னு சொன்னதும் தாம்பூலம் மாத்தறாங்க. பின்ன எதுக்குப்பா அவதான் போட்டாளா, அவதான் போட்டாளான்னு எங்களை இந்தப் பாடு படுத்தினாங்க?"

ஆஞ்சப்பன் நுகத்தடியில் கயிற்றை முடிந்துவிட்டு, வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்தார்.

"அத ஏன் கேக்கறீங்க அய்யா, எங்க வீட்டுப் பெரிய மருமக வந்த நாள்ல இருந்து கம்பளி மயிலுக்குத் தோகை வெச்சுக்கினு உக்காந்ததுதான், இன்னும் எழுந்திருக்கல, அதுக்கப்பறம், ஊசியே தொடாத பொண்ணு ஒண்ணு எங்கயாச்சும் இருக்குதான்னு தேடித்தான் எங்கம்மா ஊர் ஊரா வண்டி கட்டச் சொல்றாங்க!"